டெர்மினலிலிருந்தே களஞ்சியத்தை உலாவியில் திறப்பது எப்படி?

ஒண்டிக்கடை:
வணக்கம். ஏற்காட்டில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். இணையம் கைப்பேசி வழியாகத்தான். ஒரு கோப்பின் குறிப்பிட்ட வரியைச் சக பணியாளருக்குக் காட்ட வேண்டுமானால், உலாவியைத் திறந்து, கிட்ஹப் தளத்தில் எங்கள் நிரல் களஞ்சியத்தைத் தேடி, அடைவு அடைவாக இறங்க வேண்டியிருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிச் சேலத்துக்கு இறங்குவது போன்ற வேலை இது. லினக்ஸின் கட்டளைத் திரையான டெர்மினலில் ஒரே கட்டளையில் திறக்க வழியுண்டா? சில களஞ்சியங்கள் கிட்லேப் என்ற இதேபோன்ற இன்னொரு தளத்தில் இருக்கின்றன.

செவ்வாய்ப்பேட்டை:
கிட்ஹப்புக்கு அதன் அதிகாரப்பூர்வக் கருவியான ‘ஜிஎச்’ போதும். ‘ஜிஎச் பிரவுஸ்’ என்றால் களஞ்சியத்தின் முகப்பு திறக்கும். கோப்பின் பெயரையும், கோலன் இட்டு வரி எண்ணையும் சேர்த்தால் அந்த வரியிலேயே போய் நிற்கும். வெறும் எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணுள்ள இஷ்யூ (பிழை அல்லது பணிக் குறிப்பு) திறக்கும். உங்கள் இணையத்துக்கு ‘நோ-பிரவுசர்’ என்ற தெரிவே ஏற்றது: பக்கத்தைத் திறக்காமல் முகவரியை மட்டும் அச்சிடும், அதை நகலெடுத்து அனுப்பிவிடலாம். ‘பிராஞ்ச்’ தெரிவில் கிளையின் (களஞ்சியத்தின் தனிப் பிரிவின்) பெயரைக் கொடுப்பதானால் முதலில் அதைத் தளத்துக்குப் புஷ் செய்து அனுப்பிவிடுங்கள், இல்லையேல் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழைதான் வரும். கிட்லேபுக்கு ‘ஜிலேப்’ என்று தனிக் கருவி இருக்கிறது.

அம்மாபேட்டை:
நண்பர் சொன்னதில் குறையில்லை. ஆனால் முகப்பைத் திறக்க மட்டும் இரண்டு தளங்களுக்கு இரண்டு கருவிகள் எதற்கு? ‘கிட் ரிமோட் கெட்-யூஆர்எல் ஆரிஜின்’ என்ற கட்டளை தரும் களஞ்சிய முகவரியை ‘செட்’ என்ற உரை திருத்தும் கருவி கொண்டு திருத்தி, உலாவியில் திறந்து தரும் ‘எக்ஸ்டிஜி-ஓபன்’ கையில் கொடுத்தால் இரண்டுக்கும் பொருந்தும். அதையே ஆச்சரியக்குறியில் தொடங்கும் கிட் ஏலியாஸாக (சுருக்கக் கட்டளையாக) வைத்துக்கொள்ளலாம். ‘கிட்@’ என்று தொடங்கும் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான இணைப்பு) முகவரியில் முதலில் கோலனைச் சாய்கோடாக்க வேண்டும், அதன் பிறகே ‘கிட்@’ இருந்த இடத்தில் ‘எச்டிடிபிஎஸ்://’ வர வேண்டும். நான் முதலில் இந்த வரிசையை மாற்றி எழுதிவிட்டேன். புதிதாக வந்த கோலனே சாய்கோடாகி ‘எச்டிடிபிஎஸ்///’ என்று நின்றது, எக்ஸ்டிஜி-ஓபனோ அதைக் கணினியிலுள்ள ஏதோ கோப்பென்று எண்ணி, அப்படியொன்று இல்லை என்று கைவிரித்தது. ஏற்கெனவே எச்டிடிபிஎஸ் முகவரியாக இருப்பதை செட் தொடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒண்டிக்கடை:
இருவருக்கும் நன்றி. அம்மாபேட்டை அண்ணா சொன்ன வரிசையில் எழுதினேன், கிட்லேபும் திறக்கிறது. அலுவலகக் களஞ்சியம் மட்டும் திறக்கவில்லை. இரண்டு கணக்குகள் வைத்திருப்பதால் எஸ்எஸ்எச் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் கிட்ஹப்புக்கு ‘ஆபீஸ்’ என்று ஒரு புனைபெயர் கொடுத்திருந்தேன். ரிமோட் முகவரியிலும் அதுவே இருக்கிறது. உலாவிக்கு அந்தப் பெயர் எங்கே தெரியும்?

அம்மாபேட்டை:
தெரியாதுதான். ‘ஆபீஸ்’ என்பதைக் ‘கிட்ஹப்.காம்’ ஆக்கும் இன்னொரு மாற்றத்தையும் அதே செட்டில் சேர்த்துவிடுங்கள்.