ரயர் லைற் மினுங்கிப்போட்டு நிண்டு எரியுது, காத்துச் சரியாத்தான் இருக்கு

கொக்குவில்காரன்:
2014ஆம் ஆண்டு ஐரோப்பியக் கார். ஸ்ராட் பண்ணினவுடனை மீற்றரிலை மஞ்சள் ரயர் அடையாளம், லாடத்துக்கு நடுவிலை ஆச்சரியக்குறி மாதிரி, ஒரு நிமிசத்துக்குக் கிட்ட மினுங்கும். பிறகு அணையாமல் எரியும். நாலு சில்லிலையும் 33 பி.எஸ்.ஐ. இருக்கு. பியூஸைக் கழட்டிவிடச் சொல்லுகினம். செய்யலாமோ?

நாச்சிமார்கோவிலடி:
பியூஸிலை கை வைக்காதேங்கோ. அது வேறை வேலைகளுக்கும் சேர்த்துப் போட்ட பியூஸாய் இருக்கலாம்.

லைற் தொடக்கத்திலையே நிண்டு எரிஞ்சால் காத்துக் குறைவு. மினுங்கிப்போட்டுப் பிறகு நிண்டு எரிஞ்சால் காத்திலை பிழையில்லை, காத்தை அளக்கிற சாமானிலை பிழை. சில்லுக்குள்ளை, வால்வின்ரை அடியிலை, றிம்மோடை ஒட்டினபடி ஒரு சென்சர் கிடக்கும். அதின்ரை பற்றரியைப் பிசின் ஊத்தி அடைச்சிருக்கு, தனிய மாத்தேலாது. ஆயுள் 5 தொடக்கம் 10 வருசம். உங்கடை கார் அதைத் தாண்டீட்டுது.

கார் நிக்கேக்கை சென்சர் நித்திரை. சில்லுச் சுத்தத் தொடங்க முழிச்சு, காத்தின்ரை அளவு, சூடு, தன்ரை இலக்கம் மூண்டையும் றேடியோ அலையாலை அனுப்பும். ஒண்டு அனுப்பாட்டிலும் லைற் மினுங்கும். எது செத்ததெண்டு ஊகிச்சு ரயரைக் கழட்ட வேண்டாம். ரயர் சென்சர் ஸ்கானரை வால்வுக்குக் கிட்டப் பிடிச்சால் அது 125 கிலோஹேர்ட்ஸ் சிக்னலாலை சென்சரை எழுப்பும். பதில் தராதது தான் மாத்த வேண்டியது.

வாங்கேக்கை அலைவரிசையைப் பாருங்கோ. ஐரோப்பியக் காருக்கு 433 மெகாஹேர்ட்ஸ். 315 அமெரிக்கா, ஜப்பான் பக்கம் கூட. மாறிப் போட்டால் காருக்குக் கேக்காது.

அளவெட்டியான்:
சென்சர் வாங்க முதல் ஒண்டு. எல்லாக் காரிலையும் சில்லுக்குள்ளை சென்சர் இல்லை. சிலதிலை ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கேக்கை சில்லு இறுகி வழுக்காமல் பாக்கிற அமைப்பு) தான் கணக்குப் பாக்கும்: காத்துக் குறைஞ்ச சில்லின்ரை சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதாலை மற்றச் சில்லுகளை விடக் கூடத் தரம் சுத்தும். அந்த வகையிலை லைற் மினுங்கினால் ஏ.பி.எஸ். பக்கம் தான் தேடவேணும். காத்தடிச்ச பிறகு அந்த அளவைக் காரிலை செற் பண்ண மறந்தாலும் பிழையாய்க் காட்டும். திரையிலை ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனி அளவு வந்தால் உள்ளுக்குச் சென்சர் இருக்கெண்டு அர்த்தம். ரப்பர் வால்வைப் பார்த்துச் சென்சர் இல்லையெண்டு முடிவெடுக்காதேங்கோ, ரப்பர் வால்வோடையும் சென்சர் வரும்.

அந்த 33ஐ எப்ப அளந்தனீங்கள்? கதவுத் தூணிலை ஒட்டியிருக்கிற அளவு, கார் ஓடாமல் குளிர்ந்து நிக்கேக்கை பாக்கிற அளவு. அதிலை 230 கிலோபஸ்கால் எண்டிருந்தால் பெற்றோல் செட் மீற்றரிலை 33. சூடு 5, 6 பாகை ஏறினாலே 1 பி.எஸ்.ஐ. கூடும். கொழும்பிலையிருந்து ஏ9ஆலை வந்து இறங்கினவுடனை அளந்து, கூடிப்போச்செண்டு காத்தைத் திறந்துவிட்டால் அடுத்தநாள் விடிய ரயர் குறைவாய் நிக்கும். லைற்றும் 20, 25 வீதம் குறைஞ்ச பிறகு தான் எரியும். 33 அடிக்கிற ரயர் 26க்கு வந்தாப் பிறகு தான் சொல்லும்.

கீரிமலைக்காத்து:
கடற்கரைப் பக்கம் ஓடுற கார் எண்டால் வால்வை வடிவாய்ப் பாருங்கோ. இரும்பு நிறத்திலை தெரியிற சென்சர் வால்வின்ரை தண்டு அலுமினியம். அதுக்குள்ளை காத்தை அடைக்கிற ஊசியைச் சாதாரண பித்தளையிலை போட்டு, மேலை உலோக மூடியையும் முறுக்கினால் உப்புக் காத்துக்கு இரண்டும் அரிச்சு இறுகும். புரியிலை வெள்ளைத் தூள் பூத்திருக்கும். குறட்டாலை மூடியைத் திருக, தண்டு முறிஞ்சு மூடியோடை கையிலை வரும். நிக்கல் பூசின ஊசி, பிளாஸ்ரிக் மூடி, இதுகள் தான் போடவேணும்.

கொக்குவில்காரன்:
திரையிலை அளவு வருது அண்ணை. பின் இடதுக்கு மட்டும் வெறுங் கோடு. அதை மட்டும் மாத்தலாமோ?

நாச்சிமார்கோவிலடி:
மாத்தலாம். மற்ற மூண்டும் ஒரே வயசு, கன நாள் போகாது. ரயர் மாத்திற யோசனை இருந்தால் நாலையும் அண்டைக்கே போடுங்கோ, கழட்டிப் பூட்டுற கூலி ஒருக்காத்தான். மெசின்காரரிட்டை வால்வு எங்கை நிக்குதெண்டு காட்டுங்கோ, ரயர் கழட்டுற கம்பி சென்சரிலை முட்டினால் நொறுங்கும். ரப்பர் வளையமும் நட்டும் புதுசாய்ப் போட்டு, சென்சரோடை வாற தாளிலை உள்ள அளவுக்கு ரோர்க் றெஞ்சாலை (இறுக்கிற அளவைக் காட்டுற சாவி) இறுக்கவேணும்.

பழைய சென்சரின்ரை முதுகிலை இருக்கிற இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கோ. புரோகிராம் பண்ணுற சென்சர் வாங்கினால் அதே இலக்கத்தை அதிலை எழுதலாம், காருக்குத் திருப்பிப் பழக்கத் தேவையில்லை. புது இலக்கம் எண்டால் சில கார் கொஞ்ச நேரம் ஓடத் தானாய்ப் பிடிக்கும், சிலதுக்கு ஸ்கானரைக் கொழுவித்தான் குடுக்கவேணும்.