பார்வை போன பிறகு செஸ் ஆடுவது எப்படி?

கேள்வி:
எனக்கு வயது 58. பத்து வயதில் திண்ணையில் அப்பாவோடு ஆடத் தொடங்கியவன். கிளாக்கோமாவால் பார்வை அநேகமாகப் போய்விட்டது. பலகையைத் தடவினால் நாலு காய் சாய்ந்துவிடுகிறது. மனதில் பன்னிரண்டு நகர்த்தல் வரை ஆட்டம் நிற்கிறது, அப்புறம் கலைந்துவிடுகிறது. விட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
விடாதீர்கள் ஐயா. நான் பிறவியிலேயே பார்வையற்றவன். எங்களுக்கென்றே பலகை இருக்கிறது. கருப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் துளை, காயின் அடியில் முளை. எவ்வளவு தடவினாலும் சாயாது. கருப்புக் காய்களின் உச்சியில் சின்னதாக ஒரு முனை இருக்கும், நிறம் விரலுக்கே தெரிந்துவிடும். போட்டியில் ஆளுக்கொரு பலகை. நகர்த்தலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பலகையில் ஏ முதல் எச் வரை உள்ள நேர்வரிசைகளை அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்டாவ், ஹெக்டர் என்று சொல்வோம், கூடவே அந்த வரிசையில் எத்தனையாவது கட்டம் என்ற எண். ஆட்டத் தொடக்கத்தில் 'ஈவா 4' என்றால் வெள்ளை ராஜா முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போகும்.

பதில் 2:
தர்பன் இனானி மூன்று வயதில் பார்வை இழந்தவர். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் செஸ்ஸில் தங்கம் வென்றார். அவருடைய ஆட்டங்களை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி தம்பி. பலகை வரும்வரை பொறுக்கவில்லை. நேற்று பேரனை எதிரே உட்காரவைத்து 'ஈவா 4' என்றேன். 'ஈவா 5, தாத்தா' என்றான். பதினேழு நகர்த்தல் வரை பிடித்துவிட்டேன்.