ரப்பர் ஷீட்டில் குறைந்த எடை எங்கே போனது?

அருமனைக்காரி:
மகள் ஒன்பதாம் வகுப்பு. நிறை அழியாது, புதிதாக உண்டாகவும் செய்யாது என்று படித்துவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். ரோலரில் அடித்து எடுக்கும்போது கனமாக இருக்கிற வெள்ளை ஷீட், புகை அறையிலிருந்து வரும்போது தேன் நிறத்தில் லேசாகிவிடுகிறது. அங்கே போடுகிற விறகும் எரிந்து ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சுகிறது. மீதி ஆவியாகவும் புகையாகவும் போயிற்று என்றேன். "புகைக்கு எடை இருந்தா கீழதானே விழணும், ஏன் மேல போகுது?" என்கிறாள். யாராவது அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

தக்கலை வாத்தியார்:
முதலில் ஷீட். மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். உறையவைத்து ரோலரில் கொடுக்கும்போது கொஞ்சம் வடிகிறது, மிச்சம் புகை அறையில் ஆவியாகிறது.

விறகுக் கணக்கு இன்னும் அழகு. விறகில் எரிவதில் முக்கியமானது கார்பன். 12 கிலோ சுத்தமான கார்பன் முழுதாக எரிந்தால், காற்றிலிருந்து 32 கிலோ ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. எரிந்து போனதைவிடக் கிளம்பிப் போனதுதான் கனம்! பிரான்சில் லாவாசியே என்ற வேதியியல் அறிஞர் 1770-களில் வெள்ளீயத்தை மூடிய கண்ணாடிக் குடுவையில் சூடாக்கி, திறக்காமலே நிறுத்தார். எடை மாறவில்லை. திறந்த பிறகுதான், வெள்ளீயம் எடுத்துக்கொண்ட காற்றுக்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே புகுந்து, எடை கூடியது.

இனி புகை. அது மேலே போவதும் ஈர்ப்பு விசையால்தான். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. சூடானால் காற்று விரியும், அதே இடத்தில் நிறை குறைவாக இருக்கும். சுற்றியிருக்கும் குளிர்ந்த காற்றைப் பூமி கூடுதலாக இழுப்பதால் அது கீழே வந்து, சூடான காற்றையும் அதோடு புகையையும் மேலே தள்ளுகிறது. கிணற்றில் விழுந்த தேங்காய் மிதக்கிறதே, அதற்கு எடை இல்லையா என்ன? விண்வெளி நிலையத்துக்குள் எல்லாம் மிதக்கிற நிலையில் இந்தத் தள்ளல் கிடையாது. அங்கே மெழுகுவர்த்திச் சுடர் உருண்டையாக நிற்கும்.

குளச்சல்காரன்:
சார், பையனுக்காகப் பாட்டிலில் வினிகர் ஊற்றி, வாயில் சோடா உப்பு போட்ட பலூனை மாட்டிச் செய்து பார்த்தோம். பலூன் உப்பியதும் தராசில் ஒரு கிராம் குறைந்தது. கசிவும் இல்லை. அப்போ நிறை குறைந்ததா?

தக்கலை வாத்தியார்:
குறையவில்லை தம்பி. பலூன் ஒரு லிட்டர் உப்பினால் ஒரு லிட்டர் காற்றை விலக்குகிறது. அது 1.2 கிராம். அந்த அளவுக்குக் காற்று மேலே தள்ளுவதால் தராசு குறைத்துக் காட்டுகிறது. பலூன் வேண்டாம். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் சோடா பாட்டில் எடுத்து, அதில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். அரை டீஸ்பூன் சோடா உப்பைக் காகிதத்தில் மடித்துப் போட்டு உடனே இறுக்கி மூடுங்கள். கூட்டிப் போட வேண்டாம், பாட்டில் வெடிக்கும். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தால் நுரைத்து முடியும்வரை எண் அசையாது. மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று வாயு போகும், எடையும் குறையும்.

அருமனைக்காரி:
ரொம்ப நன்றி சார். வீட்டில் வினிகர் இல்லை. ஷீட்டுக்கு ஊற்றுகிற ஆசிட் ஆகுமா?

தக்கலை வாத்தியார்:
வேண்டவே வேண்டாம். அது ஃபார்மிக் ஆசிட், தோலைப் பொசுக்கிவிடும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. எலுமிச்சைச் சாறு போதும்.