பெண்கள் ஐக்கியத்துக்கு 8 கிழமைப் பாடம்: வேதாகமத்தில் ஆரை எடுக்கிறது?

கனகராயன்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மாங்குளம் – ஒட்டுசுட்டான் றோட்டுப் பக்கம் ஒரு சின்னச் சபை. பெண்கள் ஐக்கியம் புதன் பின்னேரம் 3.30க்குத் தொடங்கி 4.30க்கு முடியோணும், பொழுதுபட்டா யானை இறங்கிற வழி. வாறது 15 பேர் மட்டில. பாதிக்கு மேல் தனிய நிண்டு குடும்பம் பாக்கிறவை. பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற அம்மாமார் மூண்டு பேர். நாலு பேருக்கு வாசிக்கத் தெரியாது. ரெண்டு கத்தோலிக்க அக்காமாரும் வருவினம்.

சாராள், ரெபெக்காள், அன்னாள், எஸ்தர் எண்டு வழமையான வரிசையில போனா ஒவ்வொரு பாடமும் “விசுவாசிச்சா கிடைக்கும்” எண்ட இடத்திலதான் போய் நிக்குது. இந்த ஆக்களுக்கு ஆரை எடுக்கலாம்? ஒரு மணித்தியாலத்தை எப்பிடிப் பிரிக்கிறது?

வவுனிக்குளம்:
எலிசா தீர்க்கதரிசிக்குத் தன்ர வீட்டில இடம் குடுத்த சூனேம் ஊராளில தொடங்குங்கோ. 2 இராஜாக்கள் 4ஐ எல்லாரும் பிரசங்கிப்பினம், 8:1–6 ஐத் தொடமாட்டினம். எங்கட ஆக்களுக்கு வேண்டியது அந்த ஆறு வசனம்தான்.

4:13 இல எலிசா “ராஜாவிட்ட உனக்காகப் பேசவேணுமோ” எண்டு கேட்பிக்கிறார். தன்ர சனத்துக்க சுகமா இருக்கிறன், தேவையில்லை எண்டிறாள். பிறகு பஞ்சம். வீட்டையும் வயலையும் விட்டிட்டு ஏழு வருஷம் பெலிஸ்தர் தேசத்தில இருக்கிறாள். திரும்பி வந்தா காணி அவளின்ர கையில இல்லை. ஒருக்கா வேண்டாம் எண்ட அதே ராஜவாசலுக்கு இப்ப தானே போய் முறையிடுறாள். புருஷன் 4ஆம் அதிகாரத்திலயே வயசாளி, இங்க அவரைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. தீர்ப்பை நிறுத்தி வாசியுங்கோ: காணி மட்டுமில்லை, அவள் வெளிக்கிட்ட நாளில இருந்து அந்த வயல் விளைஞ்ச வருமானமும் திரும்பக் குடுக்கச் சொல்லுறான் ராஜா. இடம்பெயர்ந்து போய் வந்த ஆக்களுக்கு இதுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

நேரம்: வசனப்பகுதி 12 வசனத்துக்கு மேல் வேண்டாம். ரெண்டு தரம் சத்தமா வாசிக்க 10 நிமிஷம். பிறகு “அவள் என்ன செய்தாள்?” எண்டு மட்டும் கேளுங்கோ, 20 நிமிஷம். ஒருத்தருக்கு ஒரு வினைச்சொல்: எழும்பினாள், போனாள், தங்கினாள், திரும்பினாள், முறையிட்டாள். வாசிக்கத் தெரியாத அம்மாவும் ஒரு சொல்லை மனசில பிடிச்சுக்கொண்டு வீட்டை போவா. “என்ன படிப்பினை?” எண்டு முதலே கேட்டா, அவை ஏற்கெனவே பாடமாக்கின மறுமொழிதான் வரும். மிச்ச அரை மணித்தியாலம் பேச்சுக்கும் ஜெபத்துக்கும்.

அடுத்த கிழமை, ஆம்பிளைப் பிள்ளை இல்லாமச் செத்த செலொப்பியாத்தின்ர ஐஞ்சு மகள்மார். எண்ணாகமம் 27 இல மோசேயிட்டக் கேட்டு தகப்பன்ர காணிப் பங்குக்கு உரிமை கிடைக்குது. ஆனா யோசுவா 17:3–4 இல திரும்பப் போய் நினைவுபடுத்தித்தான் பங்கு கைக்கு வருது. ரெண்டையும் சேர்த்து வாசிக்காட்டி பாடம் பாதிதான். அரசாங்கம் பெர்மிட்டில குடுத்த எங்கட காணிக்கும், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்ர வாரிசு அட்டவணையில ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முதலிடம் இருந்தது, 2022இலதான் திருத்தினவை. இதை ஒரு வரியில சொல்லிவிடுங்கோ, வகுப்பைக் காணிக் கந்தோராக்க வேண்டாம்.

பாலியாறு:
சவுல் ராஜாவின் மறுமனையாட்டி ரிஸ்பாளை (2 சாமுவேல் 21:1–14) விடக்கூடாது. ஆனால் முதல் நான்கு கிழமைக்குள் எடுக்கவும் கூடாது. அந்த மூன்று அம்மாமாருக்கும் முதல் கிழமையே தனியாகச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு வராமல் நின்றால் ஏன் என்று கேட்காதீர்கள்.

அவளுடைய இரண்டு மகன்மாரையும் சவுலின் பேரன்மார் ஐவரையும் தூக்கிலிடுகிறார்கள். இரட்டுத் துணியைப் பாறையில் விரித்து, பகலில் பறவையும் இரவில் மிருகமும் அந்தச் சடலங்களை அண்டாமல் காக்கிறாள். வாற்கோதுமை அறுப்புத் தொடக்கம் மழை பெய்யும் மட்டும் என்கிறது வசனம். மாதக் கணக்கு அங்கே இல்லை. அந்த நாட்டில் அறுப்புச் சித்திரை வாக்கில், பருவமழை ஐப்பசி வாக்கில் என்பதால் ஐந்தாறு மாதம் என்று பலர் கணக்கிடுகிறார்கள். இந்த அதிகாரத்தில் அவள் வாய் திறந்ததாக ஒரு சொல் இல்லை. தாவீது கேள்விப்பட்டு எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்விக்கிறான். தேசத்துக்கான வேண்டுதல் கேட்கப்பட்டது அதற்குப் பிறகுதான் (21:14), தூக்கிலிட்ட உடனே இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு உட்கார்ந்த அம்மாமாரை நீங்கள் சொல்லத் தேவையில்லை, அவர்களே சொல்வார்கள்.

“விசுவாசிச்சா கிடைக்கும்” என்பதற்கு எபிரெயர் 11:35ஐ முழுதாக வாசியுங்கள். செத்தவர்களைத் திரும்பப் பெற்ற பெண்களும், விடுதலை கிடைக்காமல் வதைபட்டவர்களும் ஒரே வசனத்தில் இருக்கிறார்கள். பிரசங்கிமார் முதல் பாதியோடு நிறுத்திவிடுவது பழக்கம். அன்னாளையும் அப்படித்தான் கெடுக்கிறோம். “அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை” என்பது 1 சாமுவேல் 1:18. பிள்ளை உண்டானது 1:20. முகம் மாறியது பிள்ளை கிடைத்ததால் அல்ல.

மடுவழி:
கத்தோலிக்க அக்காமார் கொண்டு வாறது திருவிவிலியம் எண்டா புத்தகப் பேரே வேற. எண்ணாகமம் அங்க எண்ணிக்கை, இராஜாக்கள் அரசர்கள், நியாயாதிபதிகள் நீதித் தலைவர்கள், ரூத் ரூத்து. “எண்ணாகமம் 27” எண்டு மட்டும் சொன்னா பக்கம் தேடியே அஞ்சு நிமிஷம் போயிடும். ரெண்டு பேரையும் ஒரு மட்டையில எழுதிச் சுவரில ஒட்டுங்கோ. ஒரு கிழமை அவையின்ர பதிப்பில இருந்தே வாசிக்கக் குடுங்கோ.

இன்னொண்டு. ஏழை விதவையின்ர ரெண்டு காசை (மாற்கு 12:41–44) காணிக்கைப் பாடமாக்காதேங்கோ. முன் வசனம் 40 இல விதவையளின்ர வீடுகளை விழுங்கிற ஆக்களை இயேசு ஏசுறார். அதை வெட்டிப்போட்டு 41 இல தொடங்கினாத்தான் அது உண்டியல் கதையாகும். ரெண்டு காசும் சேர்ந்த பெறுமதி ஒரு நாள் கூலியில 64இல ஒரு பங்கு. கூலி 3200 எண்டு வைச்சா 50 ரூபா.

கனகராயன்கரை:
நன்றி. ரூத்தை எந்தக் கிழமை போடலாம்? 2:17 இல “ஒரு மரக்கால்” எண்டிருக்கு, அது எங்கட மரைக்காலோ?

வவுனிக்குளம்:
இல்லை. மூலத்தில ஏப்பா எண்ட எபிரெய அளவு, கிட்டத்தட்ட 22 லீற்றர், வாற்கோதுமை எண்டா 13 கிலோ மட்டில. எங்கட புசல் 36 லீற்றர், அரைப் புசலுக்குக் கொஞ்சம் கூட. காலமை தொடங்கிப் பொழுதுபடு மட்டும் பொறுக்கி, தானே தட்டிச் சுமந்துகொண்டு போனது. பதின்மூண்டு கிலோ அரிசியை ஒரு பையில கட்டி நடுவில வையுங்கோ, ஒவ்வொருத்தரும் தூக்கிப் பாக்கட்டும். ரூத் எப்பவும் தை – மாசியில, காலபோக நெல்லு வெட்டு நேரம். அந்தக் கிழமையள் கூட்டம் குறையும், அதால ரெண்டாம் அதிகாரம் மட்டும் போதும்.