மறு: பட்டறை ஜிக்குக்குத் தமிழ்ச்சொல் – தடப்பிடி சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

இழையை மேலேர்ந்து கீழ வரைக்கும் இப்பதான் படிச்சேன். தேய்ப்பு மெஷினுக்கு (சுத்தற வட்டுல உப்புத்தாள் ஒட்டி மரத்தைத் தேய்க்கறது) வீட்லயே ஜிக், அதாவது துண்டையோ கருவியையோ ஒரே வழியில போக வைக்கற துணைச்சாமான், செஞ்சு மாட்டுறது பத்தின கட்டுரைக்கு ஒரு சொல் கேட்டாங்க, அது இப்ப சொல்லாக்கக் கொள்கை, தனித்தமிழ், கிரந்தம்னு எங்கெங்கயோ போயிடுச்சு. அதெல்லாம் தனி இழையில பேசிக்கலாம். இங்க என் முன்மொழிவு ஜிக்குக்குத் தடப்பிடி, அசையாம பிடிச்சு வைக்கற ஃபிக்ஸ்சருக்கு நிலைப்பிடி. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளும்.

> வழிகாட்டின்னு வெச்சா எல்லாருக்கும் புரியுமே, எதுக்குப் புதுசா?

புரியும், ஆனா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு புரியும். கையேடும் வழிகாட்டிதான், ஊர் சுத்திக் காட்டுறவரும் வழிகாட்டிதான். கட்டுரை தலைப்பே "பட்டறை வழிகாட்டி"ன்னு இருக்கறப்ப உள்ள "வழிகாட்டியைக் காடியில போட்டு வட்டுப் பக்கமா தள்ளவும்"னு எழுதினா படிக்கறவர் என்னத்தைத் தள்ளுவார்?

> அச்சு நம்ம ஆசாரிமார் சொல்ற சொல்தான்

சொல்றாங்கதான், ஆனா அந்தச் சொல் ஏற்கெனவே மூட்டை தூக்கிட்டு இருக்கு. வார்க்கறதும் அச்சு, புத்தகம் அடிக்கறதும் அச்சு, வண்டியில சக்கரம் மாட்டுறதும் அச்சு. தேய்ப்பு மெஷின்ல வட்டு சுத்துறதே ஒரு அச்சுலதான், அப்ப "அச்சை நகர்த்திப் பூட்டு"ன்னா எதை நகர்த்த? அதே காரணத்துக்காகத்தான் வார்ப்புருவும் வேணாங்கறேன், அது விக்கியில டெம்ப்ளேட்டுக்குன்னு நல்லா ஊன்றிடுச்சு, பட்டறையிலயும் டெம்ப்ளேட்டுக்கே இருக்கட்டும், அது வேற சாமான்.

வழிச்சட்டம்னு ஒருத்தர் சொல்லியிருந்தார். மன்னிக்கணும், படிச்சதும் ஹெல்மெட் போடலைன்னு யாரோ ஃபைன் போடப் போறாங்கன்னுதான் தோணுச்சு.

இப்ப முக்கியமான மடலுக்கு வர்றேன்.

> பாடப்புத்தக வரையறைப்படி ஜிக் என்பது கருவியை வழிநடத்துவது, ஃபிக்ஸ்சர் என்பது வேலைப்பொருளைப் பிடித்து வைப்பது. ஆகவே கருவி நடத்தி, பொருள் பற்றி என்று வைப்பதே அறிவியல் முறை.

ஐயா, இந்த வரையறை துளை போடற மெஷினை நடுவுல வெச்சு எழுதினது. அங்க சரியா பொருந்தும், ஜிக்ல ஒரு கடின எஃகுக் குழல் இருக்கும், டிரில் பிட் அதுக்குள்ள இறங்கும், அது அங்க இங்க போகாம குழல் பாத்துக்கும், அதனால கருவிக்கு வழி காட்டுதுங்கறது உண்மை. தேய்ப்பு மெஷின்ல கதை தலைகீழ். வட்டு அது இருக்கற இடத்துலயே சுத்திட்டு இருக்கு, அதை யாரும் நடத்தறதில்ல, நகர்றது மரத்துண்டுதான். அப்ப கருவி நடத்திங்கற பேர் எதுக்குமே பொருந்தாது, ஆனா அந்தச் சாமானை உலகம் பூரா ஜிக்னுதான் சொல்றாங்க.

வட்டம் தேய்க்கற ஜிக்கையே எடுத்துக்கோங்க, இந்தக் கட்டுரையோட உயிரே அதுதான். மேசை மேல ஒரு ப்ளைவுட் பலகை, அதுல ஒரு காடி (நீளப் பள்ளம்), காடியில முன்னும் பின்னும் ஓடற ஒரு கட்டை, கட்டையோட முனைக்கிட்ட தலை வெட்டின ஒரு ஆணி குத்திட்டு நிக்கும். வட்டமா வேணுங்கற துண்டை முதல்ல கோட்டுக்கு வெளியில ரெண்டு மூணு மில்லிமீட்டர் விட்டு அறுத்துக்கறோம், அடிப்பக்கம் நடுவுல ஒரு சின்ன ஓட்டை, அதை ஆணியில உக்கார வெச்சு, கட்டையை மெதுவா வட்டுப் பக்கம் தள்ளி, தடுப்புக்கட்டையில முட்டினதும் பூட்டிட்டு துண்டைக் கையால ஒரு சுத்து சுத்தினா வேலை முடிஞ்சது. இதுல ஒரு அழகு என்னன்னா, ஆணி ஒரு நூல் இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளி இருந்தாலும் வட்டம் கெடாது, ஆணிலேர்ந்து வட்டு முகத்துக்கு இருக்கற செங்குத்துத் தூரம் எதுவோ அதுதான் ஆரம், அவ்ளோதான் கணக்கு. ஆனா அந்தச் செங்குத்து போய்த் தொடற இடம் வட்டு கீழ்நோக்கி இறங்கற பாதியில இருக்கணும். மேல ஏறற பாதியில வெச்சா துண்டை மேசையிலேர்ந்து தூக்கி மூஞ்சில அடிக்கும். நட்ட நடுவுலயும் பிரயோசனம் இல்ல, அங்க வேகமே கிடையாது, பாதி ஆரத்துல விளிம்போட வேகத்துல பாதிதான்.

இன்னொண்ணு, உப்புத்தாளை 80ஆம் நம்பர் சொரசொரப்புலேர்ந்து 180ஆம் நம்பர் நைசுக்கு மாத்தினா தாளோட கனமும் மாறும், தடுப்புக்கட்டையைத் திரும்ப ஒருக்கா சரிபார்க்கணும். கட்டுரையில இது விட்டுப் போயிருக்கு, சேத்துடுங்க.

சரி, இப்ப கேள்வி. இந்த ஜிக் எதைப் பிடிக்குது? துண்டை ஆணி பிடிச்சிருக்கு. அப்ப பாடப்புத்தகப்படி பொருளைப் பிடிக்கறதால ஃபிக்ஸ்சரா? யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க.

எதிர்ப்பக்கமும் பாருங்க. கையில பிடிச்சு ஓட்டற பட்டைத் தேய்ப்பியை (வட்டுக்குப் பதிலா உப்புத்தாள் பட்டை ஓடற மெஷின்) பக்கவாட்டுல படுக்க வெச்சு, அதோட உடம்புக்கு ஏத்த மாதிரி ப்ளைவுட்ல குடைஞ்ச தொட்டில்ல உக்கார வெச்சு, மேசையோட இறுக்கிட்டா அது நிலையா நிக்கற மெஷினாயிடும். இந்தக் கட்டுரையிலயே கடைசிப் பகுதி அதுதான். அங்க அசையாமப் பிடிக்கப்படறது கருவி. பொருள் பற்றிங்கற பேர் அங்க ஒட்டவே ஒட்டாது, ஆனா அது சுத்தமான ஃபிக்ஸ்சர்.

அதனால பிடிபடறது கருவியா பொருளாங்கறது பேச்சே இல்லைங்க. பிடிச்சதுக்கு அப்புறம் ஒரு குறிப்பிட்ட தடத்துல அசைய விடுதா, இல்ல அசையவே விடாம நிறுத்துதாங்கறதுதான் பிரிக்கற கோடு. தடத்துல விட்டா தடப்பிடி, நிறுத்தினா நிலைப்பிடி. டிரில்லுக்குக் குழல் வெச்சதும் தடப்பிடிதான், பிட் ஒரே தடத்துல இறங்குது. ரெண்டு சொல்லுக்கும் பின்பாதி ஒண்ணு, முன்பாதி மட்டும் வேற, அதனால பக்கத்துல பக்கத்துல வந்தாலும் வித்தியாசம் கண்ணுல படும்.

முன்னாடி அடைமொழி போட்டுப் பாத்தேன். வட்டத் தடப்பிடி, கோணத் தடப்பிடி, மூலை உருட்டுத் தடப்பிடி. வாயில தடுக்கல. ஜிக்குக்குப் பொருத்துச்சட்டம்னு வெச்சு இதே மாதிரி செஞ்சா "மூலை உருட்டுப் பொருத்துச்சட்டம்"னு வரும், அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வட்டு கட்டையைத் தின்னுடும்.

> தடப்பிடி, தடபுடல் மாதிரி கேக்குதே :)

கேக்கட்டும், ஞாபகம் நிக்கும்.

> பேசாம ஜிக்குன்னே எழுதிடலாம். பட்டறையில யாரு தடப்பிடின்னு சொல்லப் போறா?

இது நியாயமான எதிர்ப்பு, இதை ஒதுக்க நான் வரல. மெஷின், மோட்டார், ப்ளைவுட், டிரில் பிட்டெல்லாம் நானே இந்த மடல்ல அப்படியேதான் எழுதியிருக்கேன், அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. ஒரு சாமானோட பேர்னா கடன் சொல் போதும். ஜிக் விஷயத்துல சிக்கல் என்னன்னா, அது கடையில வாங்கற சாமான் இல்ல, ஒவ்வொருத்தரும் தன் வேலைக்குத் தானே யோசிச்சுச் செய்யறது. புதுசா கத்துக்கற ஒருத்தருக்கு ஜிக்குங்கற சத்தம் ஒண்ணும் சொல்றதில்ல, தடம் எங்கன்னு யோசின்னு சொன்னா பாதி ஜிக் செஞ்ச மாதிரி. துண்டு எந்தத் தடத்துல போகணும், அந்தத் தடத்தை விட்டு வேற எங்கயும் போகாம இருக்க எங்கெல்லாம் கட்டை வைக்கணும், இந்த ரெண்டு கேள்விதானே எல்லா ஜிக்கும். அதுக்காகத்தான் இந்தச் சொல் மேல எனக்குப் பிடிவாதம். முதல் தடவை வர்ற இடத்துல "ஜிக் எனப்படும் தடப்பிடி"ன்னு போட்டுட்டு அப்புறம் தடப்பிடின்னே ஓட்டலாம்.

மத்த சொற்கள்ல சுருக்கமா:

மணல்தாள் எந்திரம் வேணவே வேணாம். இன்னைக்குத் தாள்ல ஒட்டியிருக்கறது அலுமினியம் ஆக்சைடோ சிலிக்கான் கார்பைடோ, மணல் எங்க இருக்கு? உப்புத்தாள்ல உப்பு மட்டும் இருக்கான்னு கேப்பீங்க, இல்லதான், ஆனா அது பழகின பேர், பழகினதை மாத்தக் கூடாது. அரத்தாள்னு எழுதறவங்களும் இருக்காங்க, அதுவும் நல்ல சொல். மெஷினுக்குத் தேய்ப்பி. பட்டைத் தேய்ப்பி, வட்டுத் தேய்ப்பி. செங்குத்தா உருளை சுத்தறதுக்குக் கதிர்த் தேய்ப்பி, ராட்டையில நூல் சுத்தறது கதிர்தானே. துணி தேய்க்கறதோட குழம்பும்னு ஒருத்தர் பயந்தார், இடம் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க.

காடி, மூலைமட்டம், தடுப்புக்கட்டை எல்லாம் கையில இருக்கற சொற்கள், புதுசா ஒண்ணும் தேட வேணாம். மேசைக் காடியில ஓடற கட்டைக்கு ஓடுகட்டை.

மேசை விளிம்பை வட்டுக்கு ரொம்பக் கிட்ட வைக்கற ஜீரோ கிளியரன்ஸுக்கு "சுழிய இடைவெளி"ன்னு போட்டிருக்கீங்க. அது சொல்லுக்குச் சொல் சரி, விஷயத்துக்குத் தப்பு. சுழியம்னு நம்பி மேசையை வட்டோட ஒட்டி வெச்சா உரசி நாசமாயிடும். வேணுங்கறது ஒண்ணு ஒண்ணரை மில்லிமீட்டர், அதுக்கு மேல போனா மெல்லிசு துண்டு, சில சமயம் விரல் நுனி கூட, உள்ள இழுத்துக்கும். "ஒட்டிய இடுக்கு"ன்னு வெச்சா பொய்யும் இல்ல, எச்சரிக்கையும் இருக்கும். மலிவான மெஷின்ல மேசைக்கு ஒரு பக்கம் மட்டும்தான் தாங்கு, அழுத்தினா தொங்கும், அதனால மேல 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் போட்டு முன் விளிம்பை வட்டுக்குக் கிட்ட கொண்டு போறது முதல் மேம்பாடா வரட்டும், தடப்பிடியெல்லாம் அதுக்கப்புறம். மேசை 90 டிகிரியில இல்லைன்னா எந்தத் தடப்பிடியும் உதவாது. சோதிக்கறதுக்கு மூலைமட்டத்தை மட்டும் நம்பாம, ரெண்டு துண்டோட முனையைத் தேய்ச்சு, எதையும் கவுத்துப் போடாம, மேசையில படிஞ்ச பக்கம் ரெண்டுக்கும் கீழயே இருக்க முனையோட முனை சேத்து ஒரு நேர்க்கட்டையில ஒட்டி வெச்சுப் பாருங்க, இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சா பிழை ரெண்டு மடங்கா தெரியும், கண்ணுக்குத் தப்பாது.

தூசு பகுதியில "தூசு சேகரிப்பான்" இருக்கட்டும், ஆனா எச்சரிக்கை ஒரு வரி போதாது. மரத்தூசியை 1995லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்புல, அதாவது மனுசங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான வகையில சேத்துடுச்சு. வட்டுக்குக் கீழ்ப்பாதியை மூடிப் பெட்டி அடிச்சு உறிஞ்சி மாட்டுற பகுதியை முன்னாடி கொண்டு வாங்க. அதே மெஷின்ல இரும்பைத் தேய்க்கறதுக்கு முன்னாடி பெட்டியை முழுசா காலி பண்ணணும்னும் எழுதுங்க, பொறி தூசி மூட்டையில விழுந்தா உள்ளயே கனிஞ்சுக்கிட்டு இருந்து ராத்திரி பத்திக்கும்.

கடைசியா, பட்டை ஒரு பக்கமா நழுவாம நடுவுல ஓட வைக்கத் திருப்பற குமிழ் இருக்கே, அதுக்கு "தடம்காண் குமிழ்"னு வரைவுல பாத்தேன். தடத்தை ஜிக்குக்குக் கொடுத்துட்டா இங்க வேற வேணும், இல்லைன்னா ஒரே பத்தியில ரெண்டு தடம் மோதும். "பட்டை ஓட்டக் குமிழ்"னு தோணுது, உருளை நடுவுல லேசா உப்பியிருக்கறதால பட்டை தானா நடுவுக்கு ஓடி வருது, குமிழ் அந்த ஓட்டத்தைத்தான் திருத்துது. இதைவிட நல்லதா யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, எனக்கு இதுல முழுத் திருப்தி இல்ல.

கட்டுரை ஆசிரியர் வட்டத் தடப்பிடி பகுதியை மட்டும் இந்தச் சொற்களைப் போட்டுத் திரும்ப எழுதி இங்க ஒட்டுங்க, படிச்சுட்டு மேல பேசலாம்.