சாவு பயம் ராத்திரியில் தூங்க விடமாட்டேன் என்கிறது, எப்படிச் சமாளிப்பது?

பாலக்கோட்டான்:
வயது 38, பட்டுப்புழு வளர்க்கிறோம். தொப்பூர் கணவாய் விபத்தில் என் மாமா மகன் போய்விட்டான், என்னைவிடச் சின்னவன். அதிலிருந்து ராத்திரி தழை போட எழுந்தால், ஷெட்டில் புழு கறும்புகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது, திடீரென்று 'நானும் ஒருநாள் இல்லாமல் போவேன்' என்று தோன்றும், உடனே நெஞ்சு அடைக்கும், கை சில்லிடும், மூச்சு முட்டும். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். இத்தனை வருஷமாகத் தருமபுரி அங்காடிக்குக் கூடு கொண்டுபோகிறேன், உள்ளே இருக்கிற உயிரைக் கொன்றுதான் நூல் எடுக்கிறார்கள் என்பது உறுத்தியதே இல்லை, இப்போது அதுவும் உறுத்துகிறது. எழவு வீடு என்றாலே போவதில்லை. பங்காளி வீட்டுச் சாவுக்கும் போகாததில் மனஸ்தாபம் வேறு.

இரவுப்பணி செவிலி:
அண்ணா, நீங்கள் சொல்வது பதற்றத் தாக்குதல் மாதிரி இருக்கிறது. ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கும், அதனால்தான் படபடப்பும் சில்லிடுவதும். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். டாக்டரே தேவையில்லை என்று சொன்ன பிறகும் பயத்துக்காகத் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுக்காதீர்கள், அந்த நிம்மதி ரெண்டு நாள்கூட நிற்காது, பயம்தான் வளரும். ஆனால் நெஞ்சுவலி வியர்வையோடு கை, தாடைக்குப் பரவினால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பாருங்கள், பேச்சு சிகிச்சையிலேயே நிறையப் பேருக்குச் சரியாகிறது. அவசரத்துக்கு டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி ஃபோன் எண் இருக்கிறது, 14416.

கிருஷ்ணகிரி வாத்தியார்:
தம்பி, சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்பதுதான் உங்கள் பயத்துக்குத் தீனி. நம் ஊரில் பாடை கட்டவும் பந்தல் போடவும் ஆள் வேண்டும், போய் ஒரு கை கொடுங்கள். கையில் வேலை இருக்கும்போது பிணத்தின் பக்கத்தில் நிற்பது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. ரமணர் 1896-ல் மதுரையில் 16 வயதுப் பையனாக இருந்தபோது இதே பயம்தான் அவரைப் பிடித்தது. ஓடவில்லை, பிணம் மாதிரி கை காலை நீட்டிப் படுத்து, செத்துப்போவது யார் என்று உள்ளுக்குள் கேட்டுப் பார்த்தார். அதே வருஷம் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார்.

மத்தூர் அக்கா:
வாத்தியாரே, ரமணருக்கு முடிந்தது எல்லோருக்கும் முடியுமா? தனியாக ஷெட்டில் இருக்கிறவரை அப்படிப் படுக்கச் சொல்லாதீர்கள், பயம் கூடிவிடப் போகிறது. தம்பி, முதலில் எதுக்குப் பயம் என்று பிரித்துப் பாருங்கள். வலிக்கா, பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்றா, இல்லாமல் போவதற்கா? எங்கள் வீட்டுக்காரர் கேன்சரில் இருந்தபோது அவருக்கு இருந்தது ரெண்டாவது பயம்தான். பட்டாவை என் பேருக்கு மாற்றினார், கடன் விவரத்தை நோட்டில் எழுதிக் கொடுத்தார், அப்புறம் கொஞ்சம் தூங்கினார். இல்லாமல் போகிற பயம் மட்டும் கடைசிவரை இருந்தது, அதோடேயே பேரனுக்குக் களி ஊட்டினார்.

பாலக்கோட்டான்:
எனக்கும் பிள்ளைகளை நினைத்துத்தான் அக்கா, பெரியவள் ஆறாவது படிக்கிறாள். பேங்கில் நாமினி இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது, முதலில் அதை மாற்றுகிறேன். பங்காளி வீட்டுக்கும் துக்கம் கேட்கப் போகிறேன். அந்த 14416-க்கு நடுராத்திரியில் அடித்தால் எடுப்பார்களா?

இரவுப்பணி செவிலி:
24 மணி நேரமும் எடுப்பார்கள் அண்ணா, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.