அந்தத் தர்ப்பூசணிப் படம் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

பின்வரிசை:
டைரக்டர் சாய் மிங்-லியாங்கோட 'தி வேவர்ட் கிளவுட்' (2005). பாக்காதவங்க இதோட நிறுத்திக்கங்க, முடிவைச் சொல்லப்போறேன். ஃபிலிம் சொசைட்டில போட்டாங்க. தைவான் படம், பெர்லின் திரைப்பட விழால வெள்ளிக்கரடி விருது, நடுநடுவுல பாட்டு உண்டு, அவ்வளவுதான் தெரியும். முதல் தர்ப்பூசணிக் காட்சியிலயே பாதி நாற்காலி காலி. நான் நகரலை. கடைசில அந்த ஜன்னல். உள்ள பிட்டுப்பட ஷூட்டிங், மயக்கமா பொணமான்னே தெரியாத ஜப்பான் நடிகையை வச்சு. வெளிய, உள்ள நடிக்கிற ஹீரோவை விரும்புற பொண்ணு பாத்துக்கிட்டே நிக்குது. திடீர்னு அந்த நடிகைக்குப் பதிலா இது குரல் கொடுக்க ஆரம்பிக்குது. லைட் போட்டதும் பக்கத்துச் சீட்டுக்காரர் "முடிஞ்சிருச்சா?"ன்னார். எனக்கு வாயே வரலை. அது காதலா, இல்ல அவளும் அந்த ஷூட்டிங்ல சேந்துட்டாளா? இன்னிக்கு வரைக்கும் பிடிபடலை.

கோணல்கோடு:
காதலாவது கத்திரிக்காயாவது. லிஃப்ட்ல நினைவில்லாம கிடந்தவளைத் தூக்கிட்டுப் போய் வேலையை முடிக்கிறாங்க. உங்க பதிவுல அவளுக்கு அரை வரி. வீட்டுக்காரரோட பாத்தேன், அவர் ஃபிரேம் அழகைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தார். அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் பேசிக்கலை.

இரவுப்பறவை:
ஹாஸ்டல்ல பாத்தேன். தர்ப்பூசணிக் குடையோட பாட்டு ஓடுறப்ப ரூம்மேட் உள்ள வந்துட்டான், விளக்கம் சொல்லி மாளலை. அது கிடக்கட்டும். தனியா இதை மட்டும் பாத்தா இப்படித்தான் குழப்பம் வரும். முதல்ல 2001ல வந்த 'வாட் டைம் இஸ் இட் தேர்?' பாருங்க. அதுல தைபேல நடைமேம்பாலத்துல வாட்ச் விக்கிறவன் இதே ஹீரோதான். பாரிஸ் போற இதே பொண்ணு அவன் கையில கட்டியிருந்த வாட்சையே கேட்டு வாங்கிட்டுப் போவா. அடுத்து 'தி ஸ்கைவாக் இஸ் கான்', 2002, குறும்படம்தான். பாலத்தையே இடிச்சிருப்பாங்க, பிழைப்பு போய் அவன் பிட்டுப்பட ஆடிஷனுக்குப் போவான். இதுக்கப்புறம் 'வேவர்ட் கிளவுட்' பாத்தீங்கன்னா, "இன்னும் வாட்ச் விக்கிறியா?"ன்னு அவ கேக்கிறது எங்க போய்க் குத்தும்னு புரியும். அந்தப் படத்துல அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வசனம்னு அது ஒண்ணுதான். ராத்திரில பாருங்க, ஹெட்போன் போட்டுக்கங்க, ஓட்டி ஓட்டிப் பாக்காதீங்க.

கோணல்கோடு:
மூணு படத்தை வரிசையா பாத்தா அந்த நடிகை எழுந்துருவாளா?

ஒற்றைச்செருப்பு:
எனக்கு மனசுல நிக்கிறது சாப்பாட்டு மேசை. ஹீரோ மேசைக்கு அடியில படுத்திருக்கான், அந்தப் பொண்ணோட கால் விரல் இடுக்குல சிகரெட், அதை அவன் இழுக்கிறான். ஊரே தண்ணிப் பஞ்சத்துல காயுது, இது ரெண்டும் இப்படி. வேற ஒண்ணும் சொல்லத் தெரியலை.

பின்வரிசை:
@கோணல்கோடு, அரை வரின்னு நீங்க சொன்னது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நேத்து கடைசிப் பகுதியை மட்டும் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை அவ முகத்தையும், அவளைத் தாங்கிப் பிடிச்சிருக்கிற கைகளையும் மட்டும் பாத்தேன். ஜன்னல் வர்றதுக்குள்ள நிறுத்திட்டேன்.